சார்த்தரைப் படிக்க வேலூர்க் கோட்டைக்குப் போங்கள்

பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தரைப் படிக்க ஆசைப்படுகிறவர்கள், 1943இல் வந்த ‘இருத்தலும் இன்மையும்’ (Being and Nothingness) என்ற அந்தத் தலையணைப் புத்தகத்தை முதலில் எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் கட்டிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். வேலூரிலிருந்து தினமும் பஸ். பள்ளிகொண்டா வருவதற்குள் புத்தகம் மடியில் கிடக்கும், நான் தூங்கியிருப்பேன். 1945இல் பாரிஸில் அவர் ஆற்றிய ‘இருத்தலியம் ஒரு மனிதநேயம்’ (Existentialism Is a Humanism) என்ற சொற்பொழிவு சின்னது. அதில் ஆரம்பியுங்கள்.

அதில் காகிதம் வெட்டும் கத்தி ஒன்று வரும். அது எதற்கு என்பது செய்கிறவன் மனதில் முதலிலேயே இருக்கிறது, பிறகுதான் கத்தி. எங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: லாஸ்ட் (கால் வடிவ அச்சு) வரும், பேட்டர்ன் (வெட்டும் மாதிரி) வரும், அப்புறம்தான் தோலில் டை (வெட்டும் அச்சு) இறங்கும். மனிதனுக்கு அப்படி முன்கூட்டியே பேட்டர்ன் கிடையாது, வாழ்ந்துதான் தான் யார் என்று ஆகிறான் என்கிறார். இவ்வளவு புரிந்தால் போதும், அந்தத் தலையணைப் புத்தகத்துக்குப் போகலாம்.

அதில் பிரக்ஞை, அதாவது நம் உணர்வு, பற்றிய பகுதிதான் கஷ்டம். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குப் போங்கள். நம் ஊரைப் பற்றிய பழைய கிண்டல் தெரியும்தானே: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். (பெண்களைப் பற்றியும் ஒன்று சேர்ப்பார்கள், என் வீட்டில் அதைச் சொன்னால் சோறு கிடைக்காது.) கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு லிங்கம் திரும்பி வந்தது 1981இல்தான். அதுவரை உள்ளே இருந்தது என்ன? கல், தூண், இருட்டு. அவற்றில் ஒரு குறையும் இல்லை. ‘சாமி இல்லை’ என்பது எந்தத் தூணிலும் ஒட்டியிருக்கவில்லை. சாமியை எதிர்பார்த்து நுழைந்தவர் கூடவே கொண்டுவந்தது அது. அகழியில் திமிங்கலமும்தான் இல்லை, யாருக்காவது அது உறைக்கிறதா? சார்த்தர் இதையே பாரிஸ் காபிக்கடை ஒன்றில் பியேர் என்ற நண்பரைத் தேடி, அவர் அங்கே இல்லாததைப் பார்ப்பதாக எழுதுகிறார்.

பிரக்ஞை என்பது சாமான் போட்டு வைக்கிற பெட்டி இல்லை. எப்போதும் எதையாவது நோக்கியே இருக்கும். இது ஹுஸ்ஸர்ல் என்ற ஜெர்மன் தத்துவவாதியிடமிருந்து சார்த்தர் எடுத்துக்கொண்டது. நோக்கும் பொருளோடு ஒட்டிவிடாமல் ஓர் அடி தள்ளி நிற்பதால்தான் அதற்கு இல்லாததும் தெரிகிறது. அந்த ஓர் அடியை விட்டுவிடாதீர்கள், சுதந்திரம் அங்கேதான் இருக்கிறது.

எப்படி? ராத்திரி “இனிமேல் சிகரெட் கிடையாது” என்று சத்தியம் செய்கிறேன். காலையில் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடை முன் நிற்கும்போது சத்தியம் ஞாபகம் இருக்கிறது, ஆனால் அது வந்து என் கையைப் பிடிப்பதில்லை. நேற்றைய எனக்கும் இன்றைய எனக்கும் நடுவிலும் அதே ஓர் அடி. புதிதாக முடிவெடுத்தே ஆக வேண்டும். சார்த்தர் இதற்குச் சூதாடி ஒருவனைக் காட்டுகிறார். அப்போது வயிற்றைப் பிசைகிறதே, அந்தக் கலக்கம் சுதந்திரம் தன்னையே பார்த்துக்கொள்வது என்கிறார்.

“அப்போ தொரப்பாடி ஜெயிலில் இருக்கிறவனுக்கும் சுதந்திரமா மாமா?” என்று என் மச்சான் மடக்கினான். சுவர் சுவர்தான், அதை சார்த்தர் மறுக்கவில்லை. வெளியே போக முடியும் என்றும் அவர் சொல்லவில்லை. தப்பிக்க முயல்வதா வேண்டாமா என்பது கைதியின் கையில் என்கிறார். மச்சானுக்குத் திருப்தியில்லை. எனக்கும் முழுசாக இல்லை.

கடைசியாக, தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது பற்றிய பகுதி. அதில் ஒரு சர்வர் வருவார். தட்டைத் தூக்கும் விறைப்பில், நடக்கும் வேகத்தில், ‘நான் சர்வர், வேறொன்றுமில்லை’ என்று நடித்துக்கொண்டே இருப்பார். இதை உங்கள் வேலையை வைத்துப் படியுங்கள். போன மாதம் கட்டிங்கில் ஒரு பெண், குழந்தைக்குக் காய்ச்சல் என்று அரை நாள் லீவு கேட்டாள். “ரூல் இல்லம்மா, நான் என்ன பண்றது” என்றேன். ரூல் இல்லாதது நிஜம். கையெழுத்துப் போட வேண்டிய பேனா என் சட்டைப் பையில் இருந்ததும் நிஜம்.

ஒரு நாள் முழுக்க, ‘என்னால என்ன பண்ண முடியும்’ என்று எத்தனை தடவை சொல்கிறீர்கள் என எண்ணிப் பாருங்கள். எனக்கு முதல் நாள் 11 வந்தது. கண்டக்டரிடம் சில்லறை இல்லாமல் சொன்ன இரண்டைக் கழித்துக்கொள்ளலாம்.