தலையில் அடிபட்டவரை மறுபடி வேலையில் நிறுத்துவது எப்படி?

தலையில் அடிபட்டு, மதுரை ராஜாஜி மருத்துவமனையில் கிடந்து வீடு திரும்பியவரிடம் நம் பக்கம் கேட்கும் முதல் கேள்வி, "கை காலெல்லாம் நல்லாத்தானே இருக்கு, எப்ப கடலுக்கு?" என்பதுதான். கை கால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மீன் ஏலச் சத்தத்தில் தலை கிறுகிறுக்கும். சற்றுமுன் சொன்னது மறந்துபோகும். ஒன்றுமில்லாததற்குக் கோபம் வரும். மதியத்துக்குள் ஆளே துவண்டுவிடுவார். நான் பிசியோதெரபிஸ்ட், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வீடு வீடாகப் போகிறேன். ஆள் நடக்க ஆரம்பித்ததும் பல வீடுகளில் "போதும்க்கா" என்று சொல்லிவிடுகிறார்கள். இன்னும் பாதி வேலை மீதி இருக்கிறது.

முதலில் வலிப்பைப் பற்றி டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். அடிபட்டு மாதக்கணக்கில் ஆன பிறகும் வலிப்பு வரலாம். டாக்டர் சரி என்று சொல்லும்வரை கடல், பனையேற்றம், பைக், பாசி எடுக்க முங்குவது எதுவும் வேண்டாம். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. குடி அறவே கூடாது.

அப்புறம் மோப்பம். தலையில் அடிபட்ட பலருக்கு வாசனை தெரியாமல் போய்விடும், அதை அவர்களே சொல்ல மாட்டார்கள். கண்ணை மூடச் சொல்லி மூக்கருகே காபித்தூள், கருவாடு என்று மாற்றி மாற்றி நீட்டிப் பாருங்கள். தெரியவில்லை என்றால் கெட்ட மீனைக் கழிக்கும் வேலையிலோ, டீசலும் காஸும் இருக்கும் இடத்தில் தனியாகவோ அவரை விடாதீர்கள்.

ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள்: எந்நேரம் தெளிவாக இருக்கிறார், எப்போது தளர்கிறார், எதற்கு எரிச்சல் வருகிறது. சொன்னால்தான் குளிக்கிறார், சொன்னால்தான் எழுகிறார் என்றால் அதையும் எழுதுங்கள். அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைக்காதீர்கள். மூளையின் முன்பகுதியில் அடிபட்டால், ஒரு காரியத்தைத் தானாகத் தொடங்குகிற திறனே குறைந்துபோகும். திட்டினால் அது திரும்பி வராது. நேரம் குறித்த போன் அலாரம் உதவும்.

வேலையைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். விசைப்படகில் டிரைவராக இருந்த ஓர் அண்ணன், பைக்கிலிருந்து விழுந்தவர், இன்ஜின் வேலையைத் தவிர வேறு எதையும் தொடவே மாட்டேன் என்றார். படகுக் கணக்கு தெரிந்தவர் என்பதால் மீன் கம்பெனியில் எடை எழுத உட்கார வைத்தோம். பெட்டியைத் தராசில் வைக்க வேண்டும், எண் நிற்கும்வரை பொறுக்க வேண்டும், நோட்டில் எழுத வேண்டும், படகின் பேர் போட்ட சீட்டைப் பெட்டிக்குள் போட வேண்டும். முதல் மூன்றையும் சரியாகச் செய்வார், சீட்டு மட்டும் விட்டுப்போகும். அதனால் வரிசையை மாற்றினோம்: சீட்டைப் போட்ட பிறகுதான் பெட்டி தராசில் ஏறும். சீட்டுக்கட்டைத் தராசின் கொக்கியிலேயே கட்டித் தொங்கவிட்டோம். அத்தோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

சொல்லிக்கொடுக்கும் முறையும் மாற வேண்டும். தப்பு செய்து கற்றுக்கொள்ளட்டும் என்பது நம் வழக்கம். நினைவு பழுதானவருக்கு அது ஆகாது. செய்த தப்பே மனதில் படிந்துவிடும். "நேத்து சொன்னேனே, ஞாபகம் இருக்கா?" என்று சோதிக்காமல், சரியான முறையை முதலிலேயே செய்து காட்டி, உடனே அவரையும் செய்யச் சொல்லுங்கள். சங்காயத்திலிருந்து (வலையில் கலந்து வரும் பொடிமீன் குவியல்) மீன் பிரிப்பதென்றால் முதல் நாள் நண்டு மட்டும் எடுக்கட்டும். அது கையில் பழகிய பிறகு கணவாய்.

முதலாளியிடம் குடும்பத்தில் ஒருவர் நேரில் போய்ப் பேசுங்கள். நான் சொல்லச் சொல்வது இதுதான்: "மொதலாளி, அண்ணனுக்குப் புத்தி மங்கல, சீக்கிரம் களைச்சிருவாரு, அவ்வளவுதான். ரெண்டு மணி நேரம் செய்வாரு, நடுவுல கொஞ்ச நேரம் நிழல்ல உக்காருவாரு. வேலை சொல்றது ஒரே ஆளா இருக்கட்டும்." சம்பளத்தையும் அப்போதே பேசிவிடுங்கள். வருமானத்தை ஆளுக்கு இவ்வளவு என்று பிரிக்கும் பங்குக் கணக்கில் அரை வேலை நிற்காது, மனத்தாங்கல்தான் மிஞ்சும். மணிக்கு இவ்வளவு என்று வைத்துக்கொள்வது நல்லது.

தொடங்க நல்ல காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வலை சீர்செய்வதும் பெயின்ட் அடிப்பதும் அவசரமில்லாமல் நடக்கும், பழைய கூட்டாளிகளும் பக்கத்தில் இருப்பார்கள்.

அரசு வேலையில் இருப்பவர் என்றால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி, பணிக்காலத்தில் ஊனமுற்றவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலை முடியாதென்றால் அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். மற்றவர்கள் ராமநாதபுரம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்குக் கேளுங்கள்.

நேரத்தைக் கூட்டுவதில் அவசரம் வேண்டாம். ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு மணி நேரம். வேலைக்குப் போன மறுநாள் காலை எப்படி எழுகிறார் என்று பாருங்கள். தலைவலியோ எரிச்சலோ இல்லாமல் இரண்டு வாரம் ஓடினால் அரை மணி கூட்டுங்கள். படுத்த படுக்கையாகக் கிடந்தால் பழைய நேரத்துக்கே திரும்பி, இன்னும் இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள்.