கெர்னல் விழும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீரியல் கேபிளை மாற்றிச் செருகுவது, பாட் ரேட்டைத் தப்பாக வைப்பது எல்லாம் ஒரே நாளில் தானாகச் சரியாகிவிடும். எம்பெடட் லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் அச்சுப் பிசகாமல் திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகள் வேறு. அதில் ஒன்றைப் பார்த்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும்.

வேறு பில்டின் விஎம்லினக்ஸை வைத்து ஊப்ஸைப் படிப்பது

வாடிக்கையாளரிடம் இருக்கும் போர்டு விழுகிறது, ஊப்ஸ் (கெர்னல் தடுமாறும்போது அச்சிடும் பிழை அறிக்கை) அடங்கிய லாக் வருகிறது. அந்த ரிலீஸின் விஎம்லினக்ஸ் கோப்பை (டீபக் தகவலோடு இருக்கும், சுருக்காத கெர்னல்) மட்டும் யாரும் எடுத்து வைத்திருக்க மாட்டார்கள். ஃபிளாஷில் ஏறுவது சுருக்கிய இமேஜ்தான், அதில் டீபக் தகவல் இருக்காது. "அதே சோர்ஸ், அதே கான்ஃபிக்தானே" என்று புதிதாக பில்டு செய்து, முகவரியைச் சோர்ஸ் வரியாக மாற்றித் தரும் ஆட்ர்2லைன் (addr2line) கருவியிடம் லாக்கில் உள்ள முகவரியைக் கொடுப்பார்கள். கம்பைலர் பதிப்போ கான்ஃபிக்கில் ஒரு வரியோ மாறியிருந்தாலே முகவரிகள் நகர்ந்துவிடும். ஆனால் அந்தக் கருவி தெரியாது என்று சொல்லாது. ஏதோ ஒரு கோப்பு, ஏதோ ஒரு வரி எண் என்று கூசாமல் நீட்டும்.

எங்கள் டீமில் ஒரு தம்பிக்கு அது எஸ்பிஐ டிரைவரின் இன்டரப்ட் ஹேண்ட்லரில் ஒரு பூட்டை (lock) எடுக்கும் வரியைக் காட்டியது. பார்க்கவும் சந்தேகமாகத்தான் இருந்தது (எந்த டிரைவரையும் உற்றுப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்). பூட்டும் முறையையே (locking) மாற்றி எழுதினார். பேட்ச் போன பிறகும் போர்டுகள் விழுந்தன. உண்மையில் விழுந்தது சில வரிகள் மேலே: புரோப் (டிரைவர் சாதனத்தைத் தயார் செய்யும் கட்டம்) முடிவதற்குள் இன்டரப்ட் வந்து, இன்னும் ஒதுக்காத டிஎம்ஏ பஃபரைத் தொட்டிருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஊப்ஸின் பிசி வரியே (புரோகிராம் கவுண்டர், அதாவது விழுந்த இடம்) போதும். ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் பதினாறடிமானத்தில் 48/180 என்று இருந்தது. முதல் எண் உள்ளே எவ்வளவு தூரம், இரண்டாவது அந்த ஃபங்ஷனின் மொத்த அளவு. அவர் கையில் இருந்த கோப்பில் அதே ஃபங்ஷனின் அளவு 190. கெர்னல் சோர்ஸோடு வரும் ஃபாட்ர்2லைன் ஸ்கிரிப்ட் இந்த அளவைச் சரிபார்த்து, பொருந்தாவிட்டால் பதில் தராது, அதைப் பயன்படுத்துங்கள். அளவு பொருந்தினாலும் லாக்கில் உள்ள பில்டு எண்ணை ஒப்பிடுங்கள். ஒவ்வொரு ரிலீஸுக்கும் விஎம்லினக்ஸ், ஸ்டிரிப் செய்யாத மாட்யூல்கள், கான்ஃபிக் மூன்றையும் பில்டு சர்வரே சேமிக்கட்டும். ஆளை நம்பாதீர்கள்.

கடைசி ஊப்ஸைப் படிப்பது

முதலாவதைப் படியுங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் விளைவு.

பவரைப் பிடுங்குவது

ரீபூட்டுக்குப் பிறகு படிக்க ஊப்ஸ் லாக்கைச் சேமிக்கும் ராம்ஊப்ஸ், அதை வைப்பது ராமில். பவர் போனால் அதுவும் போச்சு. ரீசெட் மட்டும் கொடுங்கள்.

பிரிண்ட்கே தூவுவது

பிரிண்ட்கே என்பது கெர்னல் லாக்கில் ஒரு வரி எழுதும் ஃபங்ஷன். 115200 பாட் வேகத்தில் சீரியலில் விநாடிக்குச் சுமார் 11,520 எழுத்துகள்தான் போகும். 80 எழுத்து வரி ஒன்றுக்கு ஏறக்குறைய 7 மில்லிவிநாடி. டைமிங் பிரச்சினையாக இருந்தால் அந்தத் தாமதத்திலேயே ஒளிந்துகொள்ளும். ட்ரேஸ்_பிரிண்ட்கே போடுங்கள், அது ராம் பஃபரில் எழுதிவிட்டு நகர்ந்துவிடும். ஊப்ஸ் வந்ததும் அந்த பஃபரைக் கொட்டச் சொல்லும் பூட் ஆர்கியுமென்ட்டும் உண்டு. ஆனால் பஃபர் அளவைக் குறைத்து, வாட்ச்டாக் (கெர்னல் பதில் தராவிட்டால் போர்டை ரீபூட் செய்யும் டைமர்) நேரத்தைக் கூட்டி வையுங்கள்; இல்லையென்றால் பாதி டம்ப்பிலேயே போர்டு ரீபூட் ஆகிவிடும்.