ரைட் கிளிக் மெனுவை மாற்றப்போய் கம்ப்யூட்டரைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்

சித்தப்பா பையனின் லேப்டாப்பில் ஒருநாள் எந்த ஃபோல்டரை டபுள் கிளிக் செய்தாலும் கறுப்பு கமாண்ட் விண்டோதான் திறந்தது. வைரஸ் என்று பயந்துபோய் விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போடக் கிளம்பிவிட்டான். விசாரித்தால், முந்தின நாள் ரைட் கிளிக் மெனுவில் 'இங்கே கமாண்ட் பிராம்ப்ட் திற' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறான். அதைச் சேர்த்த இடத்தில்தான் பிசகு.

விண்டோஸ் தன் அமைப்புகளை எல்லாம் எழுதி வைத்திருக்கும் இடம் ரெஜிஸ்ட்ரி. அதில் ஃபோல்டர் மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக இருப்பவைதான் கீகள். டைரக்டரி என்ற கீக்குள் ஷெல் என்று ஒரு கீ இருக்கும். நாம் சேர்க்கும் ஒவ்வொரு கட்டளைக்கும் அதற்குள் தனி சப்-கீ உருவாக்க வேண்டும். அவனோ ஷெல் கீயின் டீஃபால்ட் மதிப்பிலேயே தன் கட்டளையின் பெயரை எழுதிவிட்டான். டபுள் கிளிக் செய்தால் எது ஓட வேண்டும் என்று விண்டோஸ் பார்க்கும் இடம் அது. அங்கே 'நன்' (none) என்ற ஆங்கிலச் சொல்தான் இருக்க வேண்டும். அதைத் திரும்ப எழுதியதும் ஃபோல்டர்கள் பழையபடி திறந்தன.

ரைட் கிளிக் மெனு ஒரே பட்டியலாக எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. ஒவ்வொரு முறை கிளிக் செய்யும்போதும், ஃபைல்களையும் ஃபோல்டர்களையும் காட்டும் எக்ஸ்ப்ளோரர் என்ற புரோகிராம் பல இடங்களிலிருந்து வரிகளைப் பொறுக்கிச் சேர்க்கிறது. எல்லா ஃபைல்களுக்கும் பொதுவானவை நட்சத்திரக் குறி கீயிலிருந்து வரும். ஃபோல்டருக்கு டைரக்டரி, ஃபோல்டருக்குள் இருக்கும் வெற்றிடத்துக்கு டைரக்டரியின் பேக்கிரவுண்ட், டிரைவுக்கு டிரைவ், டெஸ்க்டாப் வெற்றிடத்துக்கு டெஸ்க்டாப் பேக்கிரவுண்ட். இது மனதில் பதியாமல் ரெஜிஸ்ட்ரியில் கைவைப்பதால்தான் பெரும்பாலான கோளாறுகள் வருகின்றன.

உதாரணமாக, ஃபோல்டருக்கு எழுதிய கட்டளையை அப்படியே பேக்கிரவுண்டுக்கும் காப்பி செய்கிறார்கள். ஃபோல்டர் மேல் கிளிக் செய்தால் %1 என்ற இடத்தில் அதன் பாதை வந்து உட்காரும். வெற்றிடத்தில் கிளிக் செய்யும்போது எதுவும் தேர்வாகியிருக்காதே! அங்கே சதவீதக் குறியோடு 'வி' என்ற ஆங்கில எழுத்தைப் (%V) போட வேண்டும். எதைப் போட்டாலும் அதை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இல்லையென்றால், பெயரில் இடைவெளி இருக்கும் ஃபைலை புரோகிராம் இரண்டு ஃபைல்களாக எடுத்துக்கொண்டு, இரண்டுமே இல்லை என்று சொல்லும்.

எழுதும் இடத்திலும் கவனம் வேண்டும். எல்லாரும் நேராகப் போவது ரெஜிஸ்ட்ரியில் கிளாசஸ் ரூட் என்ற பகுதிக்கு. அது தனி இடம் இல்லை. லோக்கல் மெஷின், கரண்ட் யூசர் இரண்டிலும் சாஃப்ட்வேருக்குக் கீழே இருக்கும் கிளாசஸ் கீகளைச் சேர்த்துக் காட்டும் தோற்றம்தான். அங்கே புதிதாக எழுதினால் அது பெரும்பாலும் லோக்கல் மெஷினில் போய் விழும், அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கும் எல்லாருக்கும் பொருந்தும். கரண்ட் யூசர் பக்கத்தில் எழுதினால் அட்மின் அனுமதி தேவையில்லை, பாதிப்பும் உங்கள் கணக்கோடு நின்றுவிடும். வீட்டில் மூன்று பேர் ஒரே கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினால் இது பெரிய வித்தியாசம்.

பேக்கப் விஷயத்தில் நன்றாகத் தெரிந்தவர்களே ஏமாந்திருக்கிறார்கள். மாற்றுவதற்கு முன்னால் கீயை எக்ஸ்போர்ட் செய்து ஒரு ரெஜ் ஃபைலாக வைத்துக்கொண்டால் போதும், கெட்டுப்போனால் அந்த ஃபைலை டபுள் கிளிக் செய்தால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும் என்று நம்புகிறார்கள். வராது. அந்த ஃபைல் இருப்பதோடு சேர்க்கத்தான் செய்யும். நீங்கள் மாற்றிய மதிப்புகளும் அழித்தவையும் திரும்பி வரும். புதிதாகச் சேர்த்த கீ அப்படியே நிற்கும். அதை நீக்க, ரெஜ் ஃபைலில் சதுர அடைப்புக்குறிக்குள் பாதைக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டு எழுத வேண்டும். பாதையை உங்கள் சொந்தக் கீயின் பெயர் வரை முழுதாக எழுதுங்கள். ஷெல் என்பதோடு நிறுத்தினால் அதற்குள் இருக்கும் எல்லாமே போய்விடும். நான் ஒரு வரி சேர்க்கும்போதே அதை நீக்கும் ஃபைலையும் எழுதி வைத்துக்கொள்வேன்.

விண்டோஸ் 11 வந்ததிலிருந்து (2021 அக்டோபர்) இன்னொரு குழப்பம். ரெஜிஸ்ட்ரியில் சேர்த்த வரி புதிய சுருக்கமான மெனுவில் தெரியாது. 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' கொடுத்தால் வரும் பழைய மெனுவில்தான் இருக்கும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தாலும் அந்த மெனு நேராக வரும். இது தெரியாமல் ஒரே வரியை நாலு இடத்தில் சேர்த்துவிட்டு, பிறகு எதை நீக்குவது என்று தவிக்கிறார்கள்.

பழைய மெனுவையே நிரந்தரமாகக் கொண்டுவரும் வழி பலருக்கும் தெரியும்: கரண்ட் யூசரில் ஒரு நீளமான சிஎல்எஸ்ஐடி (விண்டோஸின் ஒரு உட்கூறைக் குறிக்கும் அடையாள எண்) கீயும் அதற்குள் இன்ப்ராக்சர்வர்32 கீயும் உருவாக்குவது. அதோடு விட்டுவிட்டால் வேலை செய்யாது. டீஃபால்ட்டை டபுள் கிளிக் செய்து, எதுவும் எழுதாமல் ஓகே கொடுக்க வேண்டும். 'மதிப்பு இல்லை' என்பதும் 'வெற்று மதிப்பு' என்பதும் விண்டோஸுக்கு வேறு வேறு. அப்புறம் டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ரைட் கிளிக் செய்தால் மெனு வர நாலைந்து வினாடி ஆகிறதா? கண்ணில் பட்ட வரிகளை எல்லாம் அழிக்காதீர்கள். சில புரோகிராம்கள் மெனுவுக்காகவே ஒரு டிஎல்எல் (வேறொரு புரோகிராமுக்குள் ஓடும் துணை ஃபைல்) வைத்திருக்கும். அது எக்ஸ்ப்ளோரருக்குள்ளேயே ஓடும். அதில் ஒன்று தாமதித்தால் மொத்த மெனுவும் காத்திருக்கும், ஒன்று விழுந்தால் எக்ஸ்ப்ளோரரும் சேர்ந்து விழும். நிர் சோஃபர் எழுதிய ஷெல்எக்ஸ்வியூ என்ற இலவசக் கருவி இவற்றைப் பட்டியலிடும். மைக்ரோசாஃப்டுடையது அல்லாதவை இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்கும். அவற்றில் பாதியை டிசேபிள் செய்து பாருங்கள், சரியானால் குற்றவாளி அந்தப் பாதியில் இருக்கிறது. அதையும் பாதியாக்கித் தேடுங்கள். 64 பிட் விண்டோஸுக்கு 64 பிட் பதிப்பையே எடுக்க வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் ரெஜ் ஃபைல்களை நோட்பேடில் திறந்து படிக்காமல் ஓட்டாதீர்கள். குறிப்பாக, ஃபைலின் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றும் 'டேக் ஓனர்ஷிப்' வரியைச் சேர்ப்பவை. உங்கள் பழைய ஹார்ட் டிஸ்கில் இருக்கும் ஃபோல்டருக்கு அது உதவும். விண்டோஸ் ஃபோல்டர் மேல் அதைக் கொடுத்தால், டிரஸ்டட் இன்ஸ்டாலரிடம் (விண்டோஸின் சொந்த ஃபைல்களுக்கு உரிமையாளரான உள் கணக்கு) இருந்த உரிமைகள் ஆயிரக்கணக்கான ஃபைல்களில் மாறிப்போகும், அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்புவது நடக்காத காரியம்.

ரெஜிஸ்ட்ரியை பவர்ஷெல் என்ற கட்டளைக் கருவி வழியாக மாற்றுபவர்கள் நட்சத்திரக் கீயைத் தொடும்போது, பாதையை எழுதியபடியே எடுத்துக்கொள்ளச் சொல்லும் லிட்டரல்பாத் கொடுக்க மறக்கக் கூடாது. மறந்தால் அந்தக் குறி 'எல்லாக் கீயும்' என்று பொருள்பட்டுவிடும்.

சரி, ஒரு ஃபைலை ஒரு புரோகிராமில் திறப்பது மட்டும்தான் உங்கள் தேவை என்றால் ரெஜிஸ்ட்ரி பக்கமே போக வேண்டாம். விண்டோஸ் கீயுடன் ஆர் அழுத்தி, ஆங்கிலத்தில் ஷெல், முக்காற்புள்ளி, சென்ட்டூ என்று இடைவெளி இல்லாமல் (shell:sendto) அடித்து என்டர் கொடுத்தால் ஒரு ஃபோல்டர் திறக்கும். அந்தப் புரோகிராமின் ஷார்ட்கட்டை அதில் போடுங்கள், ரைட் கிளிக்கில் 'சென்ட் டு' பகுதியில் வந்துவிடும். வேண்டாம் என்றால் ஷார்ட்கட்டை அழித்துவிட்டால் போதும்.