மான்ட்கமரி பேருந்துப் புறக்கணிப்பை வகுப்பில் கற்பிக்கும் முறை

அமெரிக்காவின் மான்ட்கமரி நகரில் நிறப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்கள் பேருந்துகளில் ஏறாமல் நடத்திய போராட்டம் இது. முதலில் கரும்பலகையில் ஒரு பேருந்தை வரைந்து, முன்வரிசைகள் வெள்ளையருக்கும் பின்வரிசைகள் கறுப்பினத்தவருக்கும் ஒதுக்கப்பட்டிருந்ததைக் காட்டுங்கள். 1955 டிசம்பர் 1 அன்று, இடமின்றி நின்ற ஒரே ஒரு வெள்ளையருக்காக நடுவரிசையில் இருந்த கறுப்பினத்தவர் நால்வரையும் ஓட்டுநர் எழச் சொன்னார் என்பதையும், மூவர் எழுந்தபின் ரோசா பார்க்ஸ் மட்டும் மறுத்துவிட்டார் என்பதையும் அந்தப் படத்திலேயே விளக்கலாம்.

கால் ஓய்ந்துபோனதால்தான் அவர் எழவில்லை என்ற பழங்கதையை விட்டுவிடுங்கள். உரிமை அமைப்பொன்றின் உள்ளூர்க் கிளைச் செயலாளராகப் பல ஆண்டுகள் உழைத்தவர் அவர். அதே ஆண்டு மார்ச்சில் 15 வயது கிளாடெட் கால்வின் இதேபோல் எழ மறுத்துக் கைதானதையும் தவறாமல் சொல்லுங்கள்.

மிகுதியான நேரத்தை ஏற்பாடுகளுக்கே ஒதுக்குங்கள். பார்க்ஸ் கைதான இரவே கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் பேருந்தில் ஏற வேண்டாம் என்று கோரும் பல்லாயிரம் துண்டறிக்கைகளை உருட்டச்சில் எடுத்ததையும், 381 நாள்கள் மக்கள் நடந்தும் கார்களைப் பகிர்ந்தும் வேலைக்குப் போய்வந்ததையும் விளக்கிய பிறகு, போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய, அப்போது 26 வயதே ஆகியிருந்த மார்ட்டின் லூதர் கிங்கை அறிமுகப்படுத்துவதே பொருத்தம் என்பது என் கருத்து.

கடைசியாக, பேருந்துப் பாகுபாடு செல்லாது என்ற தீர்ப்பை 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ததைக் கூறி, அவ்வழக்கைத் தொடுத்த பெண்கள் யார் யார் என்று மாணவர்களையே தேடச் சொல்லுங்கள். கால்வினின் பெயர் அங்கே மீண்டும் வரும்.