அப்பத்தாவின் மணிக்கட்டும் வாசல் காவலும்

போன ஆடியில் செல்லூர் வீட்டில் வழுக்கி விழுந்து அப்பத்தாவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன்.

முதல் வேலை, வாசலில் நின்று ஆள் வடிகட்டுவது. "எங்க பெரியம்மாவுக்கும் இப்படித்தான், கை கோணிப்போச்சு" என்று சாத்துக்குடியை நீட்டியபடியே சொன்னார் ஓர் அத்தை. அன்று ராத்திரி முழுக்க அப்பத்தா வலியில் முனகியது. அடுத்த முறை அத்தையை நேராக அடுப்படிக்கு அழைத்துப்போய்க் காபி கொடுத்து அனுப்பினேன்.

பயமும் கவலையும் சும்மா விடாது. 1998-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் 11 பல் மருத்துவ மாணவர்களின் வாயில் சின்னப் புண் உண்டாக்கிப் பார்த்தார்கள் (பாவம் பிள்ளைகள்). விடுமுறையைவிடத் தேர்வு நேரத்தில் ஆறுவதற்கு 40 சதவீதம் கூடுதல் நாளானது.

மாத்திரையைச் சொல்லிக் கொடுங்கள்: "இது வலியைக் குறைக்கும், அப்பத்தா." நோயாளிக்குத் தெரியாமல் ஏற்றும் வலிமருந்தைவிடச் சொல்லிக் கொடுப்பது நன்றாகக் கேட்கிறது என்று ஆய்வுகள் உண்டு.

பாண்டி கோயில் கயிறா? சரி, கட்டுங்கள். ஆனால் நல்ல கையில். முறிந்த கை வீங்கினால் கயிறு இறுக்கும்.

நம்பிக்கை கோணல் எலும்பை நேராக்காது, சர்க்கரையையும் இறக்காது. விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ திருநீறு பூசிக்கொண்டு காத்திருக்காமல் ஆட்டோ பிடியுங்கள்.