பழைய காரின் சாய்மானம் பூட்டாமல் நழுவினால்

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும்போதுதான் சீட்டின் சாய்மானம் பின்னே சரிவது பலருக்குத் தெரியவரும். ஏற்றத்தில் உடம்பின் பாரம் முதுகுப் பக்கம் போகும், அரைகுறையாய்க் கவ்வியிருக்கும் பூட்டு அங்கே விட்டுவிடும். உடனே பாகம் தேடி கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்கு ஓட வேண்டாம். பெரும்பாலும் துரு, காய்ந்த கிரீஸ், இழுவை போன ஒரு சின்ன ஸ்பிரிங் ஆகியவைதான் காரணம். பூட்டின் பல் தேய்ந்திருந்தால் மட்டுமே பூட்டை மாற்ற வேண்டும்.

இங்கே சொல்வது 1970, 80களில் வந்த லான்சர், சன்னி, கொரோலா போன்ற ஜப்பான் கார்களில் உள்ள பல் பூட்டைப் பற்றி. கதவுப் பக்கம் சாய்மானத்தோடு ஒரு பல்தட்டு அசையும். சீட்டின் அடிச்சட்டத்தில் உள்ள ஒரு நாக்கு அந்தப் பல்லில் விழுந்து கவ்வும். லீவரைத் தூக்கினால் நாக்கு விலகும், விட்டால் சின்ன ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுக்கும். மணிக்கூட்டு ஸ்பிரிங் போலச் சுருண்ட இன்னொன்று சாய்மானத்தை முன்னே தள்ளும். மொரிஸ் மைனர்காரர்களுக்கு இந்தத் தலையிடி இல்லை. அதன் முன் சீட் பின்னே சாயவே சாயாது.

முதலில் சீட்டைக் கழற்றுங்கள். காருக்குள் குனிந்துகொண்டே செய்யும் வேலை அரைகுறையாகத்தான் முடியும். சீட் முன்பின் நகரும் தண்டவாளத்தை தரையோடு பிடிக்கும் போல்ட்கள் பொதுவாக 4. சீட்டை முன்னே தள்ளிப் பின் இரண்டையும், பின்னே தள்ளி முன் இரண்டையும் எடுக்கலாம். 12 அல்லது 14 மி.மீ. சொக்கட் போதும். மலைநாட்டு ஈரத்தில் கார்பெட்டுக்கு அடியில் துருப்பிடித்திருக்கும் என்பதால் முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவையுங்கள். அவசரப்பட்டு முறுக்கினால் போல்ட் தலை உடையும், அப்புறம் டிரில் வேலைதான். சீட்டுக்கு அடியில் வயர் இருந்தால் பற்றரியைக் கழற்றிய பிறகே அதன் பிளக்கை எடுங்கள்.

அடுத்தது ஆபத்தான கட்டம். பூட்டின் போல்ட்டைத் தொடுவதற்கு முன் சாய்மானத்தை எவ்வளவு முன்னே வருமோ அவ்வளவு கொண்டுவாருங்கள், அப்போதுதான் சுருள் ஸ்பிரிங்கின் இறுக்கம் குறையும். முகத்தை சாய்மானத்துக்கு நேரே வைத்துக்கொண்டு லீவரைத் தூக்காதீர்கள். கண்ணாடியும் தடித்த கையுறையும் போட்டு, சுருளின் வெளி முனையை வைஸ் கிரிப்பால் (பூட்டிக்கொள்ளும் குறடு) இறுகப் பிடித்து மெல்ல விடுவியுங்கள். கொக்கி எந்தத் துளையில் இருந்தது என்று முன்கூட்டியே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய பூட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பித்தளை பிரஷால் பல் இடுக்குகளைத் தேயுங்கள். துடைத்து, காற்றடித்து உலர்த்துங்கள். நுவரெலியாவில் வெயிலை நம்பிக் காயப்போட்டால் காயுமுன் திரும்பத் துருவேறும்.

பிறகு பல்லில் மார்க்கர் பூசி லீவரைச் சில தடவை இயக்கிப் பாருங்கள். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் நாக்கு தொடுகிறது. பல்லின் நுனியில் மட்டும் அழிந்தால் நாக்கு முழுதாக இறங்கவில்லை. அழுக்கோ, தளர்ந்த ஸ்பிரிங்கோ, வளைந்த லீவரோ தடுக்கிறது. கழற்றி வைத்த இழுவை ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கிடையே வெளிச்சம் தெரிந்தால் அது நீண்டுவிட்டது, மாற்றுங்கள். எப்போதும் சாயும் நடுப் பகுதியின் இரண்டு மூன்று பல் மட்டும் நுனி உருண்டிருந்தால் அது தேய்மானம்.

தேய்ந்த பல்லை வெல்டிங்கால் நிரப்பி அராவித் தரலாம் என்று கராஜில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கடினப்படுத்திய இரும்பு அந்தச் சூட்டில் தன் குணத்தை இழக்கும். பின்னாலிருந்து ஒரு வாகனம் இடித்தால் சாய்மானம் மல்லாந்துவிடும், அப்போது பெல்ட் போட்டிருந்தும் பயனில்லை. பல்தட்டையும் நாக்கையும் ஒரே காரிலிருந்து சோடியாக வாங்குங்கள். இடது சீட்டின் பூட்டு வலதுக்குப் பொருந்தாது, ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். பழையதைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

கிரீஸ் விஷயத்தில் தாராளம் வேண்டாம். அச்சில் கொஞ்சம் லித்தியம் கிரீஸ், பல்லில் விரலால் துடைத்தெடுத்த அளவு மெல்லிய படலம். தடிமனாகப் பூசினால் தூசியை இழுக்கும். உறைபனி விழும் சனவரி, பெப்ரவரி காலைகளில் அது இறுகி நாக்கை மெதுவாக்கும்.

இரு பக்கமும் பூட்டு உள்ள சீட்டானால் இணைக்கும் கம்பியையும் சரிபாருங்கள். ஒரு பக்கம் கவ்வி மறுபக்கம் கவ்வாவிட்டால் சாய்மானம் முறுகி அச்சு தேயும். லீவர் அசையத் தொடங்கும்போது சிறிய தளர்வு இருக்கட்டும், அதன்பின் இரு நாக்கும் ஒன்றாக விலக வேண்டும்.

திரும்பப் பூட்டும்போது எல்லா போல்ட்டையும் முதலில் கையால் சில சுற்று ஏற்றிவிட்டு, பிறகே இறுக்குங்கள். துருவால் மெலிந்த போல்ட்டுக்குப் பதில் அதே அளவில், தலையில் 8.8 என்று பலத்தின் தரம் பொறித்ததைப் போடுங்கள். இறுக்கும் அளவுக்கு அந்தக் காரின் மனுவலைப் பின்பற்றுங்கள்.

காரை நகர்த்துமுன் சீட்டில் உட்கார்ந்து, கால்களைத் தரையில் ஊன்றி, ஒவ்வொரு பல் நிலையிலும் முதுகால் பலமாகத் தள்ளுங்கள். ஒரு நிலையில் நழுவினாலும் திரும்பக் கழற்றுவதுதான் வழி. நன்றாக நின்றால், சில நாள் மலைப் பாதையில் ஓடியபின் நான்கு போல்ட்டையும் இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்கள்.