முதல் ஃபுட்பேக் வாங்குமுன் விரலால் கிள்ளிப் பாருங்கள்

காலில் தட்டி விளையாடும் இந்தச் சின்னப் பையை 1972இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இருவர் தொடங்கி வைத்தார்கள். ஹேக்கி சாக் என்பது பிராண்டின் பெயர், பொதுப்பெயர் ஃபுட்பேக். வலை கட்டி ஆடுவதற்குக் கெட்டியான பை வேண்டும். இங்கே சொல்வது காலில் தாங்கி நிறுத்தி வித்தை காட்டும் ஃப்ரீஸ்டைலுக்கான பை.

முதலில் அளவு. விட்டம் 5 செ.மீ., அதாவது ஒரு பெரிய எலுமிச்சம்பழம். எடை 40 முதல் 60 கிராம். சமையலறைத் தராசே போதும். 40க்குக் கீழே போனால் கடற்கரைக் காற்று பையை இழுத்துக்கொண்டு போகும். குமரி மாவட்டக் கடற்கரைகளான முட்டத்திலோ சொத்தவிளையிலோ பழகுவதாக இருந்தால் 50க்கு மேல் எடுங்கள்.

அடுத்து துணி. குரோஷே, அதாவது கொக்கி ஊசியால் நூலில் பின்னிய பை மலிவு, காலுக்கும் மெத்தென்று இருக்கும். ஆனால் சில வாரங்களில் நூல் இழுபட்டு உருக்குலைந்துவிடும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 32 துண்டுகள் சேர்த்துத் தைத்த செயற்கை ஸ்வேட் (மெல்லிய மயிர்ப்பரப்புள்ள தோல் போன்ற துணி) பையை வாங்குங்கள். அந்தத் துணி ஷூவைப் பற்றிக்கொள்ளும். இரண்டே துண்டில் தைத்த தோல் பந்து புதிதாகத் தொடங்குபவருக்கு வேண்டவே வேண்டாம். அது தெறித்து ஓடும்.

பெரும்பாலோர் தவறுவது நிரப்பலில்தான். கட்டைவிரலாலும் ஆள்காட்டிவிரலாலும் பையின் நடுவைக் கிள்ளுங்கள். இரு விரலும் ஏறக்குறைய தொட்டுக்கொள்ள வேண்டும். பிறகு உள்ளங்கையில் வையுங்கள். பிசைந்த மாவு உருண்டைபோல அடியில் பரந்து உட்கார்ந்தால் நல்ல பை. உருண்டு நின்றால் ஷூ நுனியிலும் உருண்டு விழும். நீங்கள் எத்தனை நாள் பழகினாலும் நிற்காது. குறை காலில் இல்லை, பையில்.

இறுக்கமான மணல் பையைச் சரிசெய்யலாம். ஒரு தையலை 1.5 செ.மீ. பிரித்து, ஒரு டீஸ்பூன் மணலை எடுங்கள். 8 கிராம் குறையும். மறுபடி கிள்ளிப் பார்த்து, போதாவிட்டால் இன்னும் அரை ஸ்பூன். மெழுகு தேய்த்த நைலான் நூலால் உள்தையலாக மூடுங்கள். முடிச்சு வெளியே தெரிந்தால் ஷூவில் உரசி அறுந்துவிடும்.

வீட்டிலேயே தைப்பவர்கள் பையை முழுக்க நிரப்பிவிடுகிறார்கள். 5 செ.மீ. உருண்டையில் 65 மி.லி. இடம் இருக்கிறது. அது முழுக்க மணல் என்றால் 100 கிராமைத் தாண்டும், கல்மாதிரி விழும். தராசில் வைத்து 45 கிராம் மணல் அளந்து போடுங்கள், துணியோடு சேர்ந்து 55 வரும்.

எந்த மணல் என்பதும் முக்கியம். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கறுப்பு மணல் கனமாக இருக்கிறதே என்று எடுக்காதீர்கள். அதில் தோரியம் உள்ள மோனசைட் கலந்திருக்கிறது. வேறு கடற்கரை மணலானாலும் உப்பு ஈரத்தை இழுத்துக் கட்டிதட்டும். மீன்தொட்டிக்கு விற்கும் மணலைக் கழுவி, வெயிலில் காயவைத்து, மாவுச் சல்லடையில் தூசி போகச் சலித்தால் போதும். சலிக்காவிட்டால் ஒவ்வொரு தட்டுக்கும் தையல் வழியே தூசி பறக்கும்.

இரும்புக் குண்டு நிரப்பிய பை தரையில் துள்ளாமல் அப்படியே விழும், நிறுத்துவதற்கு அருமை. ஆனால் நம்மூர் உப்புக்காற்றிலும் இருபருவ மழையிலும் துருப்பிடித்துத் துணியில் கறை இறங்கும். ஸ்டெயின்லெஸ் என்றால் மட்டும் எடுங்கள்.

ரப்பர் செருப்போடு ஆடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். வேண்டாம், வாருக்கும் விரலுக்கும் நடுவே பை சிக்கும். நுனி அகலமான கேன்வாஸ் ஷூ போட்டு, லேஸைச் சற்றுத் தளர்த்திக் கட்டினால் நுனி குழிந்து பைக்கு இடம் கொடுக்கும்.

மணல் பை மழையில் நனைந்தால் பிழியாதீர்கள், தையல் விரியும். துண்டில் சுற்றி ஈரத்தை எடுத்து, நிழலில் இரண்டு நாள் விட்டு, கிள்ளிப் பார்த்துவிட்டு எடுங்கள்.